ஆலத்தூர் நாட்டு அடுப்பில் இத்ரிய்யா



மதரஸாவின் ஷஃபான் விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். என் மனைவியின் அண்ணன் மிளகு கொள்முதல் செய்பவர். அறுவடைக் காலத்தில் ஆலத்தூர் நாட்டில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குவது அவருடைய வழக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் செம்மேடு வரும். அம்மலையில் ஊராட்சிகளை இன்றும் 'நாடு' என்றே சொல்கிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று கேட்கும்போதே வல்வில் ஓரி ஆண்ட காலத்துப் பெயர்ப் பலகையைப் படிப்பது போலிருக்கும்.

இக்கட்டுரை மலையைப் பற்றியதன்று. என் பதினாறு வயது மகள் பைக்குள் வைத்துக்கொண்டு வந்த ஒரு புத்தகத்தில்தான் இது தொடங்கியது. சேலத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் அவள் வாங்கிய இத்தாலியச் சமையல் நூல் அது. மார்செல்லா ஹசான் என்னும் அம்மையார் எழுதி 1973 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலைமேல் வேறு வேலை இல்லாததால், அதில் உள்ளபடி ஒருநாள் சமைத்துப் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டாள்.

என் மாமியாருக்கு, பிள்ளைகளின் நன்னிம்மாவுக்கு, அது பிடிக்கவில்லை. "நம்ம ஊட்டுல இல்லாத சோறா? வெள்ளைக்காரன் திங்கிறத நாம ஏன் திங்கணும்?" என்றார். பிறகு என்னைக் காட்டி, "ஒங்க அத்தாவே ஜும்ஆவுல சொன்னாரே, மறந்துட்டியா?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ உரையில் பீட்சா, பாஸ்தா முதலியவற்றை இளைஞர்கள் விரும்பி உண்பதைச் சாடியிருந்தேன். பிற சமூகத்தாரைப் போல் ஆவதை எச்சரிக்கும் நபிமொழியையும் அதனோடு இணைத்துப் பேசினேன். அன்று எனக்கு அந்த உணவின் வரலாறு தெரியாது. தெரியாததைப் பற்றி மிம்பரில் நின்று உறுதியாகப் பேசியது என் பிழை. அந்தப் பிழையைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 212, கி.பி. 827 ஆம் ஆண்டு. இன்றைய துனீசியாவின் சூஸா துறைமுகத்திலிருந்து ஒரு கப்பற்படை சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் கைரவான் நகரத்துக் காழி அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்). மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டவர். 'அல்அஸதிய்யா' என்னும் ஃபிக்ஹு தொகுப்பைத் தந்தவர். எழுபதை நெருங்கிய வயதில், கிதாபுகளை மூடி வைத்துவிட்டுக் கப்பலேறிய அந்த அறிஞர், அடுத்த ஆண்டே சிரகூசா நகர முற்றுகையின்போது உயிர்நீத்தார். 831 இல் பலர்மோ நகரம் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. தீவு முழுவதும் வசப்பட 965 வரை ஆயிற்று.

வெற்றிகளைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வயல்களைப் பற்றி எழுதியவர் குறைவு. எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சு, கரும்பு, பருத்தி ஆகியவை அக்காலத்தில்தான் சிசிலியில் வேரூன்றின. அவற்றுக்கு நீர் பாய்ச்சும் தொட்டியையும் வாய்க்காலையும் குறிக்கும் அரபுச் சொற்கள் அத்தீவின் உழவர் வாயில் இன்றும் உள்ளன. 'ஜாபியா' என்ற நீர்த்தொட்டி அங்கே 'ஜெப்பியா' ஆனது. 'ஸாகியா' என்ற வாய்க்கால் 'சாயியா' ஆனது. இத்தாலிய மொழியில் சர்க்கரைக்கும் குங்குமப்பூவுக்கும் வழங்கும் பெயர்கள் அரபியிலிருந்து சென்றவை. ஆரஞ்சைக் குறிக்கும் 'அராஞ்சா'வின் வழி இன்னும் நீளமானது. அரபியின் 'நாரன்ஜ்', அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் வடமொழியின் 'நாரங்கம்' என்று அது பின்னோக்கிச் செல்கிறது. நாரங்கத்தின் வேர் தென்னாட்டு மொழியில் இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியில் இருக்கும் நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்.

பலர்மோவைப் பற்றிப் பேசும்போது இப்னு ஹவ்கலை விட்டுவிட முடியாது. 973 ஆம் ஆண்டளவில் அங்கே சென்ற அப்பயணி, நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கண்டு வியந்தார். ஆனால் ஊர்மக்கள் பச்சை வெங்காயத்தை அளவின்றித் தின்பதால் அவர்தம் அறிவு மழுங்கிவிட்டது என்றும் எழுதினார். அங்குள்ள பாடம் சொல்லும் ஆசிரியர்களைப் பற்றி அவர் எழுதியது அதைவிடக் கடுமை. போருக்குப் போகாமல் தப்பிப்பதற்காகவே பலர் ஆசிரியர் ஆனார்கள் என்றும், அவர்களில் அறிவுடையோர் அரிது என்றும் தீர்ப்பளித்தார். இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கும் நான் அப்பகுதியை என் மகளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளே தேடிப் படித்துவிட்டாள்.

இனி உணவுக்கு வருவோம். அரபியில் 'இத்ரிய்யா' என்று ஒரு சொல் உண்டு. கோதுமை மாவை நூல்போல் திரித்து, உலர்த்தி, பின்னர் வேகவைக்கும் பண்டம் அது. இப்னு சீனா (ரஹ்) தம் 'கானூன்' மருத்துவ நூலில் இதைக் குறிப்பிட்டு, எங்கள் நாட்டில் இதை 'ரிஷ்தா' என்பார்கள் என்கிறார். ரிஷ்தா என்றால் பாரசீக மொழியில் நூல், இழை. நம் பக்கத்திலும் இடியாப்பத்தை 'நூல்புட்டு' என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே பார்வை, இரண்டு மொழிகள்.

பாக்தாதில் பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் 'கிதாபுத் தபீக்' என்னும் பெரிய சமையல் நூலைத் தொகுத்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்டது அது. 1226 இல் முஹம்மது அல்பக்தாதீ அதே பெயரில் சிறிய நூலொன்றை எழுதினார். மனிதன் அடையும் இன்பங்களில் உணவே மேலானது என்பது அவருடைய முன்னுரையின் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முர்ஸியாவில் பிறந்து துனீசில் வாழ்ந்த இப்னு ரஸீன் அத்துஜீபீயின் நூலில் இத்ரிய்யாவுக்கும் 'ஃபிதாவ்ஷ்' என்னும் குட்டை இழைக்கும் இடமுண்டு. ஸ்பானிய மொழியில் சேமியாவுக்கு 'ஃபிதேயோஸ்' என்று பெயர் வந்தது அந்தச் சொல்லிலிருந்துதான். சமையலை நூலாக எழுதி வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவலாவதற்கு முன்பே பாக்தாதில் செழித்திருந்தது. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அல்வர்ராக்கின் நூலில் மார்க்கம் தடுத்த பானங்களின் செய்முறையும் இருக்கிறது. ஒரு நாகரிகத்தின் அரண்மனை சமைத்ததெல்லாம் அதன் மார்க்கம் அனுமதித்தது என்று ஆகிவிடாது.

இத்ரிய்யா எங்கே தொழிலாக வளர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று தருபவர் அல்இத்ரீஸீ. செப்தா நகரில் பிறந்த இப்புவியியல் அறிஞர், சிசிலியை ஆண்ட நார்மானிய மன்னன் இரண்டாம் ரோஜரின் அவையில் பணியாற்றினார். அதற்குள் முஸ்லிம் ஆட்சி முடிந்து, 1072 இல் பலர்மோவும் 1091 இல் கடைசிக் கோட்டையும் கிறித்தவ நார்மானியர் வசமாகியிருந்தன. ஆயினும் அரபி அறிந்தோரும், முஸ்லிம் எழுத்தர்களும், கைவினைஞர்களும் அங்கேயே வாழ்ந்தார்கள். 1154 இன் தொடக்கத்தில் இத்ரீஸீ தம் உலகப் புவியியல் நூலை முடித்தார். அதில் பலர்மோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள த்ராபியா என்னும் சிற்றூரைப் பற்றிய குறிப்பு வருகிறது. வற்றாத நீரோடைகள், அவற்றால் சுழலும் பல மாவாலைகள், பரந்த வயல்கள். அங்கே மிகுதியாகச் செய்யப்படும் இத்ரிய்யா, கலாப்ரியாவுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்படுகிறது என்பது அவர் தரும் செய்தி. இத்தாலிய மண்ணில் உலர்ந்த பாஸ்தாவின் தொழில் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் முதன்மையானது இதுவே. அதை அரபியில் எழுதியவர் ஒரு முஸ்லிம். எழுதச் சொன்னவர் ஒரு கிறித்தவ மன்னர்.

இந்த இடத்தில் நம் மக்களுக்கு ஓர் ஆசை எழும். எனக்கும் எழுந்தது. 'பாஸ்தாவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டுப் பகிரலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் என் ஜும்ஆ உரையின் பிழையைத் தலைகீழாக மீண்டும் செய்தவன் ஆவேன். இத்ரிய்யா என்ற சொல்லே கிரேக்க மொழியின் 'இத்ரியோன்' என்பதோடு தொடர்புடையது. இஸ்லாத்திற்கு முந்தைய ஜெருசலேம் தல்மூதிலும் அச்சொல் வருகிறது. சீனாவின் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்த மண்கிண்ணமொன்றின் அடியில் நாலாயிரம் ஆண்டுப் பழைமையான இழையுணவு கிடைத்ததாக 2005 இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அது கோதுமையில் செய்ததன்று. தினையிலும் பனிவரகிலும் செய்ததாம். தினையும் பனிவரகும் கொல்லிமலைக்காரர்களுக்கு அந்நியமானவை அல்ல. நம் முன்னோர் செய்தது கண்டுபிடிப்பன்று. கிடைத்ததைப் பேணி, உலர்த்தி, கடல்வழி அனுப்பி, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெருமை போதும்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையையும் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது பொய். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295 இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1279 இல், ஜெனோவா நகரில் ஒரு பத்திர எழுத்தர், இறந்துபோன ஒருவருடைய உடைமைகளைப் பட்டியலிடும்போது ஒரு கூடை மக்கரோனியையும் சேர்த்து எழுதியிருக்கிறார். போலோ கதையைப் பரப்பியது 1929 இல் அமெரிக்கப் பாஸ்தா உற்பத்தியாளர்களின் இதழொன்று. போலோ நமக்கு முக்கியமானவராவது வேறு காரணத்தால். அவர் ஊர் திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறையைப் பற்றி எழுதினார். ஹுர்முஸ், ஏதன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் பலர் அரபு முஸ்லிம் வணிகர்கள். நம் மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா சென்று, அங்கிருந்து வெனிசு வணிகர்களின் கைக்கு மாறியது. உரோமாபுரியில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்துச் செய்யும் பாஸ்தா ஒன்று இன்று புகழ்பெற்றது. அந்த மிளகுக்கொடியின் சொந்த மண் நம் மேற்குத் தொடர்ச்சி மலை.

பதினைந்தாம் நூற்றாண்டில் மார்த்தினோ என்ற சமையல் வல்லுநர் 'சிசிலி மக்கரோனி' என்றே பெயரிட்டு ஒரு செய்முறை எழுதினார். வெயிலில் உலர்த்தினால் இரண்டு மூன்று ஆண்டுகள் கெடாது என்றும், இரண்டு மணிநேரம் வேகவேண்டும் என்றும் சொன்னார். இரண்டு மணிநேரம்! இன்றைய இத்தாலியர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். தக்காளி அப்போது அங்கே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியாக வந்த அச்செடியின் பழத்தில் செய்த குழம்பு, 1690களில் நேப்பிள்சில் லத்தீனி எழுதிய நூலில்தான் இடம்பெறுகிறது. 'ஸ்பானிய முறை' என்றே அதற்குப் பெயரிட்டார். வெர்மிச்செல்லியையும் தக்காளியையும் சேர்த்து நேப்பிள்சின் கவல்காந்தி எழுதியது 1839 இல். நாம் 'தொன்மையான இத்தாலிய உணவு' என்று நினைக்கும் அந்தச் சிவப்புத் தட்டின் எழுத்து வரலாறு இருநூறு ஆண்டுகளைத் தாண்டவில்லை. நன்னிம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம தக்காளி?" என்றார். அதுவும் மிளகாயும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை என்றேன். மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால்தான் மிளகாய் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரசத்துல என்னத்தப் போட்டாங்களாம்?" என்றார். மிளகு என்று என் மச்சான் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அவருக்கு அதில் வணிக நோக்கமும் உண்டு.

மார்செல்லா ஹசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1924 இல் இத்தாலியின் செசெனாத்திக்கோவில் பிறந்தவர். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1955 இல் திருமணமாகி நியூயார்க் சென்றபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. ஆதா போனி என்ற அம்மையாரின் இத்தாலியச் சமையல் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நினைவில் இருந்த சுவையை நோக்கித் தட்டுத் தடுமாறிக் கற்றார். தம் நாட்டு உணவையே புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர் என்பதால்தானோ என்னவோ, புதிதாகக் கற்பவருக்கு எங்கே கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் தமிழில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951 இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' நூலும் இத்தகையதே. தாய்வீட்டை விட்டுத் தொலைவில் குடிபோன எத்தனையோ பெண்களுக்கு அது அடுப்பங்கரையில் நின்ற துணை.

என் மகள் தேர்ந்தெடுத்தது மார்செல்லாவின் தக்காளிக் குழம்பு. தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. அவ்வளவே. முக்கால் மணிநேரம் சிறுதீயில் கொதிக்கவேண்டும். பூண்டு கிடையாது, மிளகாய் கிடையாது, தாளிப்பு கிடையாது. கடைசியில் அந்த வெங்காயத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும் என்கிறது நூல். நன்னிம்மா அதற்கு இணங்கவே இல்லை. வெந்த வெங்காயத்தை உப்புத் தூவித் தாமே உண்டார். பலர்மோ வெங்காயத்தைப் பற்றி இப்னு ஹவ்கல் எழுதியதைச் சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பாஸ்தாவை வீட்டிலேயே செய்வதென்று அவள் முடிவு செய்திருந்தாள். முதல்முறை சப்பாத்தி மாவில் செய்து பார்த்தாள். கொதிநீரில் போட்டதும் விளிம்பு கரைந்து கூழானது. அதன் காரணத்தை அன்றுதான் நானும் அறிந்தேன். இத்தாலியின் தென்பகுதியில் உலர்பாஸ்தாவுக்குத் துரும் என்னும் கடின கோதுமையின் ரவையே பயன்படும். அதன் புரதம் மிகுதி. மணி கண்ணாடிபோல் கடினமானது. உலர்ந்தாலும் உடையாது, வெந்தாலும் குழையாது. த்ராபியாவிலிருந்து கப்பலில் அனுப்ப முடிந்ததும் அதனால்தான். துரும் கோதுமைக்கு நெருங்கிய உறவு நம் சம்பா கோதுமை. மச்சான் செம்மேட்டுக் கடையொன்றில் சம்பா கோதுமை ரவை வாங்கி வந்தார். அதை உரலில் இன்னும் கொஞ்சம் இடித்துச் சலித்து, இரண்டு பங்கு ரவைக்கு ஒரு பங்கு வெந்நீர் என்று சேர்த்து, பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடி வைத்தாள். இடியாப்ப உரலில் பிழியப் பார்த்தால் கைப்பிடிதான் வளைந்தது. பிறகு திரட்டி, கத்தியால் நாடாவாக வெட்டி, முறத்தில் வெள்ளைத்துணி விரித்து உலர்த்தினாள். மலைக்காற்றில் ஒரு பகல் போதுமாக இருந்தது.

வேகவைக்கும்போது இன்னொரு சிக்கல். நூலில் சொன்ன நேரத்தில் வேகவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே கூடுதல் நேரம் வேண்டும். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. கடித்தால் பல்லுக்குச் சற்றே பிடிகொடுக்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. "வேகல" என்பதே நன்னிம்மாவின் தீர்ப்பு.

பாலாடைக்கட்டி விஷயத்தில் வீட்டில் ஃபிக்ஹு வகுப்பே நடந்தது. பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்ப்பது பழைய வழக்கம். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ இன்றும் கன்றின் உறை கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. முறைப்படி அறுக்கப்படாத கன்றின் உறை பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தூய்மையானதே என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர் இருவரும் அதில் மாறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபு இன்னும் கண்டிப்பானது. என் வீட்டில் நான் ஹனஃபி; என் மருமகன் கரையோர ஊரைச் சேர்ந்த ஷாஃபிஈ. இரு வீட்டாரும் ஒரே தட்டில் உண்ண வேண்டுமானால், பச்சைப் புள்ளி இட்ட நம் நாட்டுப் பாலாடைக்கட்டி எளிய வழி. அதில் விலங்கின் உறை இராது. வெளிநாட்டுப் பொதி என்றால் சிட்டையைப் படியுங்கள். ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். மதுவைச் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளில், கொதித்தால் ஆவியாகிவிடும் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். அல்லது புளிப்புக்கு எலுமிச்சை பிழியலாம். பன்றிக்கொழுப்பு சேரும் இடங்களிலும் அப்படியே. இவ்வளவையும் நீக்கிய பின்னும் அந்நூலில் சமைத்துத் தீராத பக்கங்கள் இருக்கின்றன.

இந்தப் பேச்சில்தான் தபூக் பயணம் நினைவுக்கு வந்தது. அப்பயணத்தில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தியைக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயர் கூறி அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதே பயணத்தில் அவர்கள் குறுகிய கைகளுடைய ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்ததும் புகாரியில் உண்டு. ஷாம் அன்று ரோமரின் ஆட்சியில் இருந்த நாடு. இவ்விரண்டையும் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். என் ஜும்ஆ உரையைத் தயாரித்த அந்த வியாழக்கிழமை இரவில் இவை என் நினைவுக்கு வரவில்லை. பிறரின் வணக்கத்துக்கும் அடையாளத்துக்கும் உரியதைப் பின்பற்றுவது வேறு. ஹலாலான ஓர் உணவை உண்பது வேறு. நன்னிம்மாவிடமும் மகளிடமும் அன்று அதை ஒப்புக்கொண்டேன்.

சிசிலி முஸ்லிம்களுக்கு என்ன ஆயிற்று என்று மகள் கேட்டாள். 1184 இன் இறுதியில் மெஸ்ஸினாவுக்கு அருகே கப்பல் உடைந்து கரையேறிய இப்னு ஜுபைர், அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் அச்சத்தை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். மறைவில் தொழுதவர்களையும், பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துக் கலங்கிய பெற்றோரையும் அவர் சந்தித்தார். 1220களிலிருந்து பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், எஞ்சியிருந்தோரைத் தீவிலிருந்து பெயர்த்து, தென்னித்தாலியின் லூச்சேரா என்னும் நகரில் குடியேற்றினார். அங்கே பள்ளிவாசல்களோடும் தம் மொழியோடும் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். 1300 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அஞ்சு வம்சத்து இரண்டாம் சார்லஸ் மன்னனின் ஆணையால் அந்நகரம் கலைக்கப்பட்டது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அத்தோடு சிசிலி முஸ்லிம்களின் கதை முடிந்தது. லூச்சேரா இருக்கும் அதே புலியா மாநிலத்தின் தென்கோடியில், கொண்டைக்கடலையோடு சேர்த்துச் சமைக்கும் நாடாப் பாஸ்தாவுக்கு இன்றும் 'த்ரியா' என்று பெயர். இத்ரிய்யாதான் அது. லூச்சேராவையும் அந்தத் தட்டையும் நேராக முடிச்சுப்போட நான் துணியவில்லை. ஆனால் பேசியவர்கள் போய்விட, சொல் மட்டும் சமையலறையில் தங்கிவிட்டது.

அன்று மாலை அடுத்த வீட்டு மலையாளி அம்மா வந்தார். (கொல்லிமலையின் பழங்குடியினர் தங்களை மலையாளி என்பார்கள், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முறத்தில் காய்ந்த நாடாக்களைப் பார்த்து, "இது என்ன, சந்தகையைப் பட்டையா வெட்டியிருக்கீங்க?" என்றார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். பேச்சு சாமைக்குத் திரும்பியது. அவருடைய சிறுவயதில் வீட்டைச் சுற்றிலும் சாமையும் கேழ்வரகும் தினையுமாம். பின்னர் மரவள்ளி வந்தது; அங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். கிழங்கு லாரி லாரியாகச் சமவெளி ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்க, சாமை வயல்கள் சுருங்கிவிட்டன. ரேஷனில் அரிசியும் வந்தது. சாமையை உமி நீக்கக் குத்துவது பெண்களுக்குப் பெரும்பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கவும், குத்தும் வேலையைக் குறைக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் வைக்கவும் பாடுபட்டு வந்திருக்கிறது. "இப்ப டவுன்ல இருந்து வர்றவங்கதான் சாமை கேக்கறாங்க. எங்க பேத்திக்குப் பிடிக்கிறதில்ல" என்று அந்த அம்மா சிரித்தார்.

நம் பெருநாள் பாயசத்தில் சேமியாவோடு சேரும் ஜவ்வரிசி அந்தக் கிழங்கிலிருந்து வருவது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்னிம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாமையை எப்படி வேகவைப்பது, எத்தனை பங்கு தண்ணீர், களியாகக் கிண்டினால் எப்போது இறக்குவது என்று அந்த அம்மாவிடம் விவரமாகக் கேட்டார். என் மகள் இத்தாலிய நூலின் கடைசி வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை மலையிறங்கும்போது இரண்டு படி சாமை அரிசி எங்கள் பையில் இருந்தது. எஞ்சிய பாஸ்தாவை நன்னிம்மா வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து உப்புமாவாகக் கிண்டித் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். நாற்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி அதைத் தின்றோம். நன்றாகவே இருந்தது.